பிளைமத் மூக்கில் ஒரு கப்பல்

புனேயில் பெரிய பழைய கார் எதுவாக இருந்தாலும் அது இம்பாலாதான். விஷ்ராந்த்வாடி சிக்னலில் டேனியலின் வண்டி நின்றால் போதும், பக்கத்து ஸ்கூட்டர்காரர் எட்டிப் பார்த்து, "அரே வா, இம்பாலா!" என்பார். டேனியலுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். பச்சை விழுந்து பின்னால் ஹாரன்கள் அலறினாலும் சரி, கண்ணாடியை முழுக்க இறக்கி, "இம்பாலா நஹி, பிளைமத். நாற்பத்தெட்டு மாடல்" என்று திருத்திவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

கட்கி ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர். டோக்கன் நம்பர் 2417. கையால் எதைச் செய்து முடித்தாலும் அடியில் தன் நம்பரை எண் பொறித்த எஃகு முளைகளால் நாலு தட்டுத் தட்டிப் பதிப்பது தொழிற்சாலையில் பழகிய பழக்கம். அது வீட்டிலும் விடவில்லை. கதவுத் தாழ்ப்பாளில் 2417 இருந்தது, இடியாப்ப உரலின் பிடியில் 2417 இருந்தது. "என் நெத்தியில மட்டுந்தான் இன்னும் அடிக்கல" என்பாள் அவர் மனைவி ஸ்டெல்லா.

அந்த பிளைமத்தை அவர் வாங்கியது 1991இல். கேம்ப் பக்கம் ஒரு பார்சி பங்களாவை இடிக்கப்போகும்போது, கொல்லைப்புறத்தில் புளியங்காய்க்கும் பறவை எச்சத்துக்கும் நடுவே கிடந்த இரும்புக் குவியல் அது. சக்கரமில்லை, சீட்டில்லை, எஞ்சினுக்குள் எறும்புப் புற்று. டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் இறக்கியபோது, ஸ்டெல்லா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஐந்து வருஷம் உழைத்து, 1996 கிறிஸ்துமஸுக்கு அந்தக் குவியலிலேயே அவளை உட்காரவைத்துச் சர்ச்சுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் குறை சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

டேனியலுக்கு வண்டி விஷயத்தில் அபிப்பிராயங்கள் ஏராளம், அத்தனையும் கறாரானவை. அமெரிக்க வண்டிக்குள் டெம்போவின் டீசல் எஞ்சினைத் திணிப்பவனை ஜெயிலில் போட வேண்டும். ஆறு வோல்ட் வண்டியைப் பன்னிரண்டாக மாற்றுபவன் சோம்பேறி. ஏசி வைப்பவனோடு பேச்சே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்த்தை: ஒரிஜினல். ஒரு திருகாணியாவது ஒரிஜினல் இல்லையென்றால் அந்த வண்டி வண்டியே இல்லை, வேஷம்.

இப்படிப் பேசுகிறவரின் வயிற்றுக்குள் ஒரு பொய் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்து பிளைமத்தின் பானட் முனையில் பாய் விரித்த ஒரு சின்னக் கப்பல் நிற்கும். அவர் வாங்கிய வண்டியில் கப்பல் இல்லை, இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சலித்துத் தேடினார். ஞாயிறு பத்து மணித் தமிழ் ஆராதனைக்குக் கிரீஸ் வாசனையோடு ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். கிடைத்தது கப்பல் அல்ல, பழைய அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து கிழிந்த ஒரு விளம்பரப் பக்கம். அதில் கப்பல் துல்லியமாகத் தெரிந்தது.

அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒரு பித்தளைக் கட்டியை அரமும் ரம்பமுமாக வீட்டிலேயே எட்டு மாதம் அறுத்துத் தேய்த்தார். முதலில் செய்ததில் நடுப்பாய் ஒரு நூலளவு சாய்ந்துவிட்டது. அதைவிட மோசம், முடித்த சந்தோஷத்தில் கை தன் பாட்டுக்கு அடியில் நம்பரையும் அடித்துவிட்டிருந்தது. சீ என்று அதை டால்டா டின்னில் எறிந்துவிட்டு, இரண்டாவது கப்பலைச் செய்தார். அது அம்சமாக வந்தது. போசரிப் பட்டறையொன்றில் குரோம் பூசி மாட்டினார். "பார்சிக்காரர் வீட்டு அலமாரியில இருந்துச்சு, ஒரிஜினல்" என்று ஊருக்குச் சொன்னார். ஸ்டெல்லாவுக்கு உண்மை தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஆண்டுதோறும் ஜனவரியில் பழைய கார் சங்கத்தினர் கேம்ப் மைதானத்தில் வண்டிகளை நிறுத்திப் பரிசு கொடுப்பார்கள். 'ஒரிஜினல் தன்மைக்கு' என்று ஒரு கோப்பை உண்டு. ஆறு வருஷம் டேனியல் அதற்காக நின்றார். ஆறு வருஷமும் சிறப்புப் பாராட்டு என்று ஒரு காகிதம்தான் கிடைத்தது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் 2004இல் சேஷு வந்து சேர்ந்தான்.

சேஷுவுக்கு முப்பத்தைந்து வயசு. சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய உத்தியோகம், நிக்டியில் சொந்த பங்களா. நாசிக்கிலிருந்து ஒரு பிளைமத்தை வாங்கிவந்தான். அதுவும் நாற்பத்தெட்டு, அதுவும் அதே கரும்பச்சை. டேனியல் ஐந்து வருஷம் பட்ட பாட்டை அவன் பதினோரு மாதத்தில் முடித்தான். கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினால் அமெரிக்காவிலிருந்து வெள்ளைப் பட்டை டயர் வந்து வாசலில் இறங்கியது. டேனியல் லாரி டயரைச் சீவிப் போட்டிருந்தார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. "டேனியல் சார், ஒங்க வண்டியைப் பார்த்துதான் எனக்கே இந்தப் பைத்தியம் பிடிச்சது. நீங்கதான் சார் எனக்கு குரு" என்று எல்லார் எதிரிலும் சொல்லுவான். கார்புரேட்டரில் சந்தேகமென்றால் போன் செய்வான். டேனியல் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் ஸ்டெல்லாவிடம், "பணம் இருந்தா கழுதகூட பிளைமத் ஓட்டும்" என்பார்.

2005 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, சேஷு வண்டியைக் காட்ட வீட்டுக்கே வந்தான். பானட் முனையில் கப்பல் நின்றது.

"அமெரிக்காலேர்ந்து இப்போ புதுசா வார்த்ததுதான் சார் வர்றது. எனக்கு அது வேண்டாம்னு தோணித்து. இது நம்ம காசிம் பாய்கிட்ட குரோம் போய்க் கிடைச்சது, நான் புதுசா பூசிண்டேன். யாரோ அமெரிக்காக்காரர் வண்டியில இருந்ததாம்" என்றான் சேஷு.

டேனியல் குனிந்து பார்த்தார். நடுப்பாய் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வில் காற்று இருந்தது. நிஜமாகவே கடலில் போகிற கப்பல் அப்படித்தான் சாயும் என்று தோன்றியது. திரும்பித் தன் வண்டியின் கப்பலைப் பார்த்தார். அது பொம்மைக் கடைக் கப்பல்போல விறைத்துக்கொண்டு நின்றது. அசல் அசல்தான், நகல் நகல்தான் என்று அவரே ஊரெல்லாம் சொன்ன வார்த்தை அவரையே குத்தியது.

அடுத்த புதன்கிழமை ஜூனா பஜாரில் காசிமைப் பிடித்தார். காசிம் பழைய சாமான் வியாபாரி, பதினைந்து வருஷப் பழக்கம். "என்னய்யா பாய், இத்தனை வருஷமா வர்றேன். கப்பல எனக்குக் காட்டாம நேத்து வந்தவனுக்குக் குடுத்துட்டியே!" என்று ஹிந்தியில் எகிறினார்.

காசிம் நெஞ்சில் கைவைத்தார். "டேனியல் பாய், உங்ககிட்டதான் ஒரிஜினல் இருக்கே! உங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு?"

டேனியல் சொன்ன பொய்யே அவருக்குக் குறுக்கே நின்றது. காசிம் ஆறுதலுக்கு இன்னொரு கொள்ளியையும் வைத்தார். "சுத்த அமெரிக்கன் மால். அடியில கம்பெனி நம்பர்கூட அடிச்சிருக்கு."

அன்றிலிருந்து ஒரு வருஷம் டேனியலுக்குச் சோறு சோறாக இறங்கவில்லை. ஞாயிறு காலையில் வண்டியைத் துடைக்கும்போது கப்பலை மட்டும் துடைக்காமல் விட்டார். ஆளந்தி ரோட்டு டீக்கடை வரை ஓட்டிப் போகும்போது கண்ணெதிரே அது விறைத்து நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல், சாலையின் ஓரத்தைப் பார்த்து ஓட்டினார். சேஷுவின் கப்பலுக்குத் துரு பிடிக்க வேண்டும், காக்கை எச்சமிட வேண்டும் என்று நினைத்தார். ஆராதனையில் 'பிறனுடையது யாதொன்றையும் இச்சியாதிருப்பாயாக' என்று போதகர் ஐயர் வாசித்த அன்று, அவர் பெயரைச் சொல்லி வாசித்ததுபோல் காது சூடானது. ஆனாலும் இச்சை போகவில்லை.

டிசம்பரில் சேஷு போன் செய்தான். "சார், இந்த வருஷம் மும்பைலேர்ந்து புது ஜட்ஜ் வரார். ரொம்ப ஸ்டிரிக்டாம். ஒவ்வொரு சாமானுக்கும் அடியில நம்பர் இருக்கான்னு பார்ப்பாராம். நமக்கென்ன சார் பயம், நம்ம ரெண்டு பேர்தும் ஒரிஜினலாச்சே!"

டேனியலின் கப்பலுக்கு அடியில் வழவழவென்று பித்தளைதான் இருந்தது. இத்தனை வருஷப் பேச்சும் ஒரே நிமிஷத்தில் சந்தி சிரித்துவிடும். அன்று அவர் மனதுக்குள் அந்த யோசனை வந்தது. இரண்டு கப்பலும் ஒரே அளவு, ஒரே இரண்டு நட்டு. ஏழு பை பதினாறு ஸ்பேனர் ஒன்று போதும்.

ஜனவரி மாத ஞாயிறு. மைதானத்தில் இரண்டு பிளைமத்தும் பக்கத்துப் பக்கத்தில் பானட்டைத் திறந்துகொண்டு நின்றன. நடுவர் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இந்த வரிசைக்கு வருவார் என்றார்கள். மர நிழலில் ஸ்டெல்லா எவர்சில்வர் அடுக்கைத் திறந்து தேங்காய்ச் சோறும் கோழி வறுவலும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

சேஷு மனைவி குழந்தையோடு கிளம்பினான். "டேனியல் சார், சாப்ட்டு வந்துடறேன். என் வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கறேளா? வேற யார்கிட்டயும் விட மனசு வரல."

"போய்ட்டு வாங்க சார். நான் பாத்துக்குறேன்" என்றார் டேனியல்.

அவன் தலை மறைந்ததும் ஸ்பேனரை எடுத்தார். முதலில் தன்னுடையதைக் கழற்றி மடித்த துணியில் வைத்தார். பிறகு சேஷுவுடையது. இரண்டாவது நட்டு விரலுக்குள் விழுந்ததும், கப்பல் உள்ளங்கையில் கனமாக இறங்கியது. அந்தக் கனம் அவருக்கு உறுத்தியது. அமெரிக்க வார்ப்பு இவ்வளவு கனக்காதே, இது பித்தளைக் கனமாயிற்றே!

திருப்பிப் பார்த்தார். அடிப்புறத்தில், குரோமையும் மீறி, கொஞ்சம் கோணலாக, நாலு இலக்கம்.

2417.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி டேனியல் நின்றார். கத்தவும் முடியாது, உதறவும் முடியாது. ஒரு வருஷமாக வயிறெரிந்தது இதற்கா? எந்தக் கடல் காற்றில் சாய்ந்தது இந்தப் பாய்? தன் அரம் ஒரு நூல் வழுக்கிய சாய்வு!

இப்போதும் மாற்றிவிடலாம். நம்பர் உள்ளதைத் தன் வண்டியில் மாட்டினால் நடுவரும் ஏமாறுவார். இரண்டு கப்பலையும் கையில் எடுத்தார். தான் செய்ததைத் தானே திருடுவதா? அந்த நினைப்பு அவருக்குச் சகிக்கவில்லை. தன் கப்பலைத் தன் வண்டியில் திரும்ப மாட்டினார்; கோணல் கப்பலைச் சேஷுவின் வண்டியிலேயே மாட்டி, வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கினார்.

நடுவர் எண்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை நீட்டிச் சேஷுவின் கப்பலுக்கு அடியில் பார்த்தார். நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டார். பாயின் சாய்வை விரலால் தடவி, இதையெல்லாம் இப்போது எவன் செய்கிறான் என்று ஆங்கிலத்தில் பெருமூச்சு விட்டார். டேனியலின் கப்பலுக்கு அடியிலும் கண்ணாடி போனது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல வேலை. ஆனால் நகல். நகல்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கும்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் டேனியலைப் பார்த்தார்கள். சேஷுதான் முதலில் சுதாரித்தான். "பார்சிக்காரா ஏமாத்தியிருப்பா சார். ஒங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்கோ" என்று தோளைத் தொட்டான். அவனுடைய அந்தக் கருணையைத்தான் டேனியலால் தாங்க முடியவில்லை. கோப்பையைச் சேஷுவிடம் கொடுத்தபோது எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது டேனியல்தான். ஏனென்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் ஸ்டெல்லாவிடம் கொட்டினார். "டால்டா டின்னுல போட்டது எப்படி காசிம்கிட்ட போச்சு? அதான் புரியல."

ஸ்டெல்லா மடியிலிருந்த எவர்சில்வர் அடுக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கோணக் கப்பலா? ரெண்டு வருஷம் முன்ன கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிச்சப்ப, பழைய பித்தளையெல்லாம் போட்டு பாத்திரக்காரிகிட்ட இந்த அடுக்க வாங்கினேன். உங்களுக்கு வேணாம்னுதான வீசினீங்க?"

"வேணாம்னுதான் வீசினேன்."

"அப்புறம் சேஷு சார்கிட்ட போய் சொல்லிட வேண்டியதுதான, நான் செஞ்சதுன்னு?"

"சொன்னா கப்பு போயிடும் பாவம். அவன் நல்லவன்டி" என்ற டேனியல் கியரை மாற்றினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கப்பு வாங்கின கப்பல் என்னுது. கையில வாங்கினது மட்டும் அவன்" என்றார்.

வெயில் சாய்வதற்குள் வீடு வந்துவிட்டார்கள். சட்டையைக்கூட மாற்றாமல் டேனியல் பானட்டைத் திறந்து கப்பலைக் கழற்றினார். ஒரு மரக்கட்டையில் கவிழ்த்துவைத்து, எண் முளைகளையும் சுத்தியலையும் எடுத்தார். சத்தம் கேட்டு ஸ்டெல்லா வெளியே வந்தாள்.

"இன்னா பண்றீங்க?"

2417இன் கடைசி '7'ஐ அடித்துவிட்டு, டேனியல் அதை விரலால் தடவிப் பார்த்தார். "கம்பெனி நம்பர் போடுறேன்."