கதாநாயகிக்கு ஓர் அக்கா இருந்தாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், குடும்ப நாவல் ஒன்றை நூற்று முப்பதாவது பக்கம் வரை படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதை ஏற்கெனவே படித்துவிட்டேனோ?

லெண்டிங் லைப்ரரி வாசகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களில் பாதிப் பேர் இப்போதே சிரிப்பீர்கள். படித்து முடித்த புத்தகத்தில் நமக்கென்று ஒரு பக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அங்கே பென்சிலால் ஓர் அடையாளம் போடுவோம். மறுபடி அதையே தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாதே! ஒரு மாமி ஐம்பதாம் பக்கத்தில் இனிஷியல் போடுவார். இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் டிக். என்னுடையது இருநூற்று ஏழாம் பக்கம், சின்ன வட்டம்.

புரட்டிப் பார்த்தேன். வட்டம் இருந்தது. அதை ஒட்டி இன்னொரு வட்டமும் இருந்தது. போன தடவை ஏமாந்த எரிச்சலில் நானே போட்டது!

ஆக, மூன்றாவது தடவை.

"உனக்கு மறதிம்மா" என்றான் என் மகன். மறதியா? போன வருஷம் தி.நகரில் எந்தக் கடையில் எந்தப் புடவையைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. தப்பு என்னுடையது இல்லை. இந்தக் கதாநாயகிகளுடையது. பெயரை மாற்றிவிட்டால் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

எல்லோரும் கோல்டு மெடலிஸ்ட். எல்லோரும் அநாதை, அல்லது அநாதை மாதிரி. ஹீரோவுக்கு அடையாறில் பங்களா, மூக்கு நுனியில் கோபம். முதல் சந்திப்பில் அவளைத் திட்டுகிறான். மூன்றாம் அத்தியாயத்தில் மிரட்டித் தாலி கட்டுகிறான். ஏழாம் அத்தியாயத்தில் 'பளார்'. கன்னத்தில் ஐந்து விரலும் பதிகிறது. கோல்டு மெடலிஸ்ட் என்ன செய்கிறாள்? போலீசுக்குப் போகிறாளா? அட, ஓர் ஆட்டோவாவது பிடிக்கிறாளா? அவன் ராத்திரி சாப்பிடவில்லையே என்று அழுகிறாள்!

செல்போனில் வரும் தொடர்கள் இன்னும் மோசம். 'ஆன்டி ஹீரோ' என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். அதில் ஆளைக் கடத்திக்கொண்டு போய் அறையில் பூட்டுகிறான். கீழே கமென்டில் நூறு பெண்கள் இதயம் போடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் ஏன் படிக்கிறேன் என்று கேட்பீர்கள். கடைசி அத்தியாயத்திலாவது ஒருத்தி எழுந்து போய்விட மாட்டாளா என்றுதான்... இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் போகவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மூன்றாவது தடவை என்று தெரிந்த பிறகும் புத்தகத்தை மூட மனசு வரவில்லை. படித்துக்கொண்டே போனேன். அறை வாங்கிய கதாநாயகி அழுதுகொண்டு அக்கா வீட்டுக்கு வருகிறாள். அந்த அக்கா அவள் கண்ணைத் துடைத்து, 'அவருக்கு உன்மேல அன்பு இருக்கு, காட்டத்தான் தெரியல' என்று புத்தி சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். அந்த வரிக்கு நேரே மார்ஜினில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "இவள் கதவைத் திறந்து வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்."

போன தடவை படித்தபோது இது இல்லை. எனக்கு ஒரே குஷி. நம்மை மாதிரி இன்னொரு ஜீவன்!

அடுத்த வாரம் லைப்ரரிக்குப் போனதும் நாலைந்து நாவல்களை எடுத்துப் புரட்டினேன். அதே பென்சில், அதே குட்டிக் குட்டி எழுத்து. ஆனால் ஒன்று விசித்திரமாக இருந்தது. இந்த வாசகி ஹீரோவைத் திட்டவில்லை. ஹீரோயினைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கோபமெல்லாம் ஹீரோயினைத் திருப்பி அனுப்பும் அக்கா, தோழி, அத்தை இவர்கள் மேல்தான். ஒரு தோழிக்கு நேரே, "உனக்கென்ன, சொல்லிவிட்டாய்." ஒரு சித்திக்கு நேரே, "அக்கம்பக்கம் பார்க்கிறதாம்!" இன்னொரு அக்காவுக்கு நேரே, "டிகிரி காபி கொடுத்து அனுப்பிவிட்டாள் மகராசி."

அந்தக் கதையில் காபியே வரவில்லை. யார் இது?

லைப்ரரி நடத்தும் பாஸ்கரிடம் கேட்டேன். முப்பது வருஷமாக மந்தைவெளியில் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவர். எந்தப் புத்தகம் யார் கைக்குப் போனது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார்.

"இன்னா மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க தங்கச்சிதான்! ஆறு மாசமா வியாழக்கெழமை தவறாம வந்துகினு கீறாங்க. புக்குல கிறுக்காதீங்கன்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிடறாங்க. நீங்கதான் அனுப்பறீங்கன்னு நெனச்சிகினு கீறேன்."

என் தங்கை சுபா. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அடையாறில் இருக்கிறாள். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புகிறாள், நானும் பதிலுக்கு ஒரு பூ அனுப்புகிறேன். அதனால் கூடப்பிறந்தவளின் கையெழுத்தே எனக்கு மறந்துவிட்டது.

காபி மறக்கவில்லை.

இருபது வருஷம் இருக்கும், அவளுக்குக் கல்யாணமாகி நான்காவது வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னப் பை ஒன்றுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வலது கன்னம் வீங்கியிருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியை யாருக்கோ நகர்த்தி வைக்க நேரமானதற்காகப் பத்துப் பேர் முன்னால் அவள் கணவர் அறைந்திருக்கிறார். அழக்கூட இல்லை அவள். "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன செய்தேன்? காபி போட்டேன். நல்ல டிகாஷன். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன். "அவர் முன்கோபிடி, மனசுல ஒண்ணும் கிடையாது" என்றேன். வீட்டில் மாமியார் இருந்தார், இரண்டே அறை, என் கணவருக்கு ட்ரான்ஸ்ஃபர் வரும்போல இருந்தது... காரணங்களா இல்லை? சாயங்காலம் ஆறு மணிக்கு நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

வாராவாரம் இந்தப் பத்தியில் வீராவேசமாக எழுதுகிறேனே, அதே கையால்.

வியாழக்கிழமை லைப்ரரி வாசலில் போய்க் காத்திருந்தேன். சுபா வந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"படிச்சிட்டியா?" என்றாள்.

"என்கிட்ட நேரா திட்டியிருக்கலாமேடி."

"திட்டினா நீ அழுவே. அப்புறம் நான்தான் உன்னைச் சமாதானப்படுத்தணும். புஸ்தகம்னா பதில் பேசாது."

பக்கத்து டீக்கடை நிழலில் நின்றோம். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் நாவலைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். பழக்கதோஷம். "இந்த ஹீரோயின்களுக்கு முதுகெலும்பே கிடையாது சுபா. படிச்சிருக்கா, சம்பாதிக்கிறா, கிளம்பிப் போனா என்ன?" என்றேன்.

"எங்க போவா?"

நான் கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ ஹீரோயினையே திட்டறேக்கா. அவதான் கிளம்பிட்டாளே. ஒவ்வொரு கதையிலயும் பையைத் தூக்கிண்டு கிளம்பத்தான் செய்யறா. நல்லாப் பாரு. அங்க ஒருத்தி காபி குடுத்துத் திருப்பி அனுப்பறா. அதுக்கப்புறம் அவ அவனை நல்லவன்னு நம்பித்தான் ஆகணும். இல்லைன்னா அந்த வீட்டுல எப்படி இருக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கறிகாய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வலி குறைந்திருக்கும்.

"இன்னும் கை நீட்டறாரா?"

"இப்பல்லாம் கை இல்லை. வாய்தான். சுகர் வந்ததுலேருந்து அதுக்கும் அவருக்குத் தெம்பு போறலை."

"வந்துடு சுபா. இப்ப ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. இன்னிக்கே வா." நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே அழைத்தேன்.

அவள் சிரித்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வாட்சைப் பார்த்தாள். "பன்னெண்டரைக்கு அவருக்கு மாத்திரை தரணும்" என்று சொல்லிவிட்டு, புது நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடையாறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு யார்மேல் கோபம் வரவேண்டும், சொல்லுங்கள். அவர்மேல் வருகிறது. இப்படி எழுதித் தள்ளுகிறவர்கள்மேல் வருகிறது. இதயம் போடுகிற நூறு பேர்மேலும் வருகிறது. ஆனால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை நடந்தது இவர்கள் யாருமில்லை. நான். இருபது வருஷமாகக் கதாநாயகிகளைத் திட்டியதெல்லாம் இதை நினைக்காமல் இருக்கத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மூன்று தடவை நாவல் இன்னும் என்னிடமே இருந்தது. சுபாவின் வரிக்குக் கீழே நானும் பென்சிலால் எழுதினேன்: "அக்கா கதவைத் திறந்து வைத்திருக்கிறாள்." வியாழக்கிழமை என் தங்கையிடம் கொடுங்கள் என்று சொல்லி பாஸ்கரிடம் தந்தேன். அவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "குடும்பமே சேர்ந்து கிறுக்கறீங்களா மேடம்?" என்றார்.

இதையெல்லாம் பத்தியில் எழுதட்டுமா என்று சுபாவிடம் போனில் கேட்டேன். "எழுது. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதே" என்றாள். எழுதவில்லை, சுபா. பாவம் செய்தது யாரென்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நேற்று அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. என் வரிக்குக் கீழே அதே குட்டி எழுத்து: "ரொம்ப லேட்டு. இருந்தாலும் மூடிடாதே."

மூடவில்லை. மயிலாப்பூர்க் கொசு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது... வரட்டும்.