அஞ்சுகிராமத்தில் ஒரு மேற்கு ஜன்னல்

ராஜஸ்தானில் வீடுகளைக் குளிரவைப்பதும் லடாக்கில் சூடாக்குவதும் கட்டட வடிவமைப்பாளரான என் பிழைப்பு. அப்படியிருக்கக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எனக்கு என்ன வேலை? கல்லூரித் தோழி ஸ்டெல்லா கூப்பிட்டாள், மே மாதம் போனேன். அவள் கணவர் செல்வராஜ் குவைத்தில் ஏசி மெக்கானிக். அடுத்த வாரம் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார்.

நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம். சுசீந்திரம் வயல்களைத் தாண்டியதும் அப்பாடா, என்ன வெயில்!

காப்பிகூடத் தராமல் ஸ்டெல்லா என்னைப் படுக்கையறைக்கு இழுத்துப் போனாள். மேற்கு ஜன்னலடியில் செங்கல் அடுக்கியிருந்தது. மறுநாள் கொத்தனார் வருகிறாராம்.

"ஏசி மாட்டப் போறேன். குளிர் வெளிய போவாம இந்த ஜன்னல அடைக்கணும் மக்கா. அவரு ஏசியிலயே கெடந்த ஆளு. போன லீவுல இந்த ரூம்ல படுக்கவே இல்ல, மொட்டமாடிக்குப் போயிட்டாரு. வீடு வேவுதுன்னு மறுபடி பிளைட் ஏறிட்டா நான் என்ன செய்வேன்?"

அளந்து பார்த்தேன். ஏசி அறைக்குக் கசிவு ஆகாது. மூடலாம் என்றுதான் நானும் சொன்னேன். அந்த நேரம் செல்வராஜின் வீடியோ அழைப்பு. ஸ்டெல்லா பெருமையாக அறையைக் காட்டினாள்.

"ஏட்டி, ஜன்னல அடைக்கியா?"

"ஏசி இல்லாம ஒங்களுக்கு ஒறக்கம் வராதுல்லா?"

"கேம்ப் ரூமுக்கு ஜன்னலே கெடையாதுட்டி. எட்டு பேரு. பகல்ல ஏசிக்க வெளிப்பெட்டி ஊதுற அனலுக்கு முன்ன நிக்கேன். மாடியில படுத்தது காத்துக்குல்லா. அதையும் அடைச்சா நான் எதுக்கு ஊருக்கு வாறேன்?"

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொன்னியளா?" ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

"சொன்னா நீ வெசனப்படுவ."

மேற்கு ஜன்னலை மூடாமல், எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு வைத்து, புதிதாக ஒரு படம் வரைந்து கொடுத்தேன்.

இந்தப் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு: ஜூனில் தொடங்கும் மேற்குக் காற்றை வீணாக்காதீர்கள். மேற்கு ஜன்னலுக்கு அகலமான வெயில் மறைப்பு வையுங்கள்; எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி விடுங்கள். ஏசி வேண்டுமென்றால் வெளிப்பெட்டி கடற்காற்று நேரே படாத பக்கம் இருக்கட்டும். சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் கிளம்பும்போது ஸ்டெல்லா கட்டிலை ஜன்னலடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். செங்கல் வழிமறித்தது. ஆளுக்குக் கொஞ்சமாக வெளியே சுமந்து போட்டோம். மறுநாள் ஜன்னலை அடைக்க வந்த கொத்தனாரிடம், எதிர்ச்சுவரை உடைக்கச் சொன்னாளாம்.