வரிசைக்கு ஒரு கண்ணி கூடுதல்

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஸ்வெட்டர் என்ற ஒன்று யாருக்கும் தேவையில்லை. மார்கழி விடியற்காலையில் கொஞ்சம் சிலுசிலுவென்று இருக்கும். அதற்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும். வெயில் ஏறிவிட்டால் அந்தத் துண்டையும் உதறித் தோளில் போட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஊரில், அறுபத்து மூன்றாவது வயதில், நான் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன்.

காரணம் என் மகள். எனக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்தவர்களையெல்லாம் விமானத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு போன காலம் அது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூர் போவார்கள், துபாய் போவார்கள், திரும்பும்போது டேப்ரிக்கார்டரும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். இவள் போனது கனடாவுக்கு. போன இரண்டாம் வருஷம் போன் போட்டு, ஒரு பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். திட்டிவிட்டு வைத்திருந்தாலாவது பிறகு பேச ஒரு வழி இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

என் மனைவி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெரு பூத்துக்கு மகள் போன் போடுவாள். நான் சைக்கிளில் மனைவியை ஏற்றிக்கொண்டு போவேன், ஆனால் உள்ளே போகமாட்டேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பேன். அவள் பேசிவிட்டு வந்து, செய்தியையெல்லாம் சைக்கிளிடம் சொல்லுவாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் கேட்டதாக ஆகிவிடும் அல்லவா?

"அங்க ஒரே பனியாம். வாசக்கதவையே தெறக்க முடியலையாம்" என்பாள் சைக்கிள் சீட்டைப் பார்த்து.

ஒருநாள் ஹாண்டில்பாரிடம் சொன்னாள். "மாசமா இருக்காளாம். மாசியில பொறக்குமாம். நான் போகப்போறேன். வர்றவங்க வரலாம்."

"அறுப்பு இருக்குல்ல?" என்றேன் நானும் ஹாண்டில்பாரிடம்.

"அறுப்பு தையோட முடிஞ்சிடும்."

"உளுந்து தெளிச்சது கெடக்குமே, அத யாரு பாக்குறது?"

அவள் தன் வேலையைப் பார்த்தாள். பாஸ்போர்ட் எடுத்தாள், விசா எடுத்தாள். பொங்கல் கழித்து நாலாம் நாள் விமானம் என்று முடிவானது. வீட்டில் ஒரு பெரிய பெட்டி வந்து உட்கார்ந்தது. அதற்குள் வடகம் போனது, சுக்கு போனது, வசம்பு போனது. அந்தப் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்த எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். இதில் என் கைப்பட ஏதாவது ஒன்று போக வேண்டும். வாயால் பேச எனக்கு வராது. பொருளாகப் போனால் அவள் எடுத்துப் பார்ப்பாள். தூக்கி எறிந்தால் எறியட்டும், அதுவும் ஒரு பதில்தானே.

குளிர் ஊர் என்கிறார்களே என்று தஞ்சாவூருக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில், கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊர் வெக்கைக்கா? ஏங்க, புள்ளைய அவிச்சு எடுக்கப் போறீங்களா?" என்றார். வேண்டுமானால் மங்கி குல்லா இருக்கிறது என்று எடுத்துப் போட்டார். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் வாங்குவதாம். அதைப் போட்டுப் பார்த்தேன், என் தலையே காணாமல் போனது.

தையல் டீச்சரிடம் நான் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். எங்கள் ஊரை அடுத்து இருந்த வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, பின்னால் ஓர் அறையில், பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தருகிற அம்மா ஒருவர் இருந்தார். தரங்கம்பாடிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு என் களத்திலிருந்துதான் வைக்கோல். வைக்கோல் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். தூசி இருக்கக் கூடாது, கருப்பு அடித்திருக்கக் கூடாது. மாட்டுக்குப் போடுவதை விட நல்ல வைக்கோலைப் பொம்மை மாட்டுக்கு எடுத்துப் போவேன். அந்த வருஷம் ஐப்பசியிலேயே வைக்கோல் கட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், டீச்சர் இரண்டு கம்பியை வைத்து எதையோ குத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க டீச்சர் இது?"

"பாலகனுக்கு ஸ்வெட்டர்ங்க ஐயா. மாட்டுத்தொழுவத்துல பொறந்தவரு, குளிருமில்ல?"

பாலகன் என்றது குடிலில் வைக்கிற சாண் நீளப் பொம்மையை. நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குச் சொல்லித் தருவீங்களா? இந்த வயசுல வருமா?"

"வெரல் பத்தும் இருக்கா?"

ஒரு விரலில் பாதி அரிவாளோடு போய்விட்டது. "ஒம்பதரை இருக்கு" என்றேன்.

"அரை தள்ளுபடி. புதன்கெழம வாங்க."

மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்போது எங்கள் வீட்டில் ஒரு மாடு இருந்தது. நான் போனால்தான் தண்ணீர் குடிக்கும், வேறு யார் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த மாட்டுக்காக என்னை நிறுத்திவிட்டார்கள். மாடு அடுத்த வருஷமே செத்துப்போனது, ஆனால் என்னைத் திரும்பச் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்கப்புறம் அன்றைக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் தாவணி போட்ட பிள்ளைகள். என் முழங்கால் பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டீச்சர் வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன், மேஜையும் என்னோடு எழுந்தது.

முதல் வாரம் நூல் ஊசியில் நிற்கவில்லை. இரண்டாம் வாரம் நின்றது, ஆனால் அவிழவில்லை. கத்தரிக்கோல் போட்டுத்தான் என் சுண்டுவிரலை வெளியே எடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு வரிசை முழுசாக வந்தது. கண்ணி கண்ணியாக, ஒன்று விடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அதை எப்படிச் சொல்ல? என் வாழ்நாளில் நூறு போகம் அறுத்திருப்பேன். அதில் பாதி மழை போட்டது, பாதி ஆற்றுத் தண்ணீர் போட்டது. இந்த ஒரு வரிசையை மட்டும் நான் ஒருத்தனே போட்டேன். வழியில் வந்தவர் போனவரிடமெல்லாம் மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். உரக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "விளக்குத் திரியா?" என்று கேட்டார். அதுகூட எனக்கு வருத்தமாக இல்லை.

ஆனால் சட்டையின் அளவுதான் சிக்கலாகிவிட்டது. அறுபது கண்ணி ஏற்றச் சொன்னார் டீச்சர். அடுத்த புதன்கிழமை எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு.

"ஐயா, இது எப்படிங்க பெருகுச்சு?"

"வரிசைக்கு ஒண்ணு சேத்துருக்கேன் டீச்சர்."

"யாரு சேக்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் முப்பது வருஷம் எங்கள் ஊர்க் களங்களில் நெல் அளந்தவன். மரக்காலைக் கையில் எடுத்தால் ஒன்று என்று எண்ண மாட்டோம், லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அளந்து முடித்தால் மேலே ஒரு கை அள்ளிப் போட வேண்டும். போடாமல் எழுந்தால் வாங்குகிறவன் முகம் சுருங்கிப்போகும், அளந்த கைக்கும் நல்லதில்லை. பின்னலிலும் என் கை அதைத்தான் செய்திருக்கிறது. வரிசை முடிந்ததும் ஒரு கண்ணியை அள்ளிப் போட்டிருக்கிறது.

"அறுவதுன்னா கறாரா அறுவதுலயே நிறுத்தச் சொல்றீங்க. பொறக்கப்போற புள்ளைக்கு அப்படி வெட்டி வெட்டி அளக்கலாமா?"

"ஐயா, இது நெல்லு இல்ல. சட்டை."

"சட்டைன்னா மட்டும் கஞ்சத்தனம் பண்ணலாமா?"

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். திரும்பப் போட்டேன். வாய் அறுபது என்று எண்ணும், கை அறுபத்தொன்று போடும். மூன்று தடவை பிரித்த பிறகு டீச்சரே சொல்லிவிட்டார். "ஒங்க கை சொல்றபடி போடுங்க ஐயா. கர்த்தர் பாத்துக்குவாரு."

இதற்கிடையில், நான் வேதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஊருக்குள் பேச்சு. புதன்கிழமை தவறாமல் வேதக்கோயில் பக்கம் போகிறவன் வேறு எதற்குப் போவான்? பங்காளிகள் மூன்று பேர் திரண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள்.

"சித்தப்பா, ஒங்களுக்கு என்ன கொறை வச்சோம்? கும்பாபிஷேகத்துல முன்னால நிக்க வச்சு மால போட்டோம்ல?"

அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்பதைவிட மதம் மாறினேன் என்பது மரியாதையாகத் தெரிந்தது.

கடைசிப் பாடம் கழுத்து. அதைச் சொல்லித் தருவதற்குள் டீச்சர் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குத் தரங்கம்பாடி போய்விட்டார். பொங்கல் கழித்து ஒரு வாரம் ஆகித்தான் வருவாராம். விமானம் அதற்குள் போய்விடும். மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். பிறந்த குழந்தையின் தலை எவ்வளவு இருக்கும்? பேராவூரணியிலிருந்து வந்த தேங்காய் ஒன்று மூலையில் கிடந்தது. மட்டை உரித்தது. அதைக் கையில் ஏந்திப் பார்த்தேன், ஏறத்தாழ சரியாக இருந்தது. தேங்காய்க்குக் கழுத்து பின்னிக்கொண்டிருந்தபோது என் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

தேங்காய்க்குக் கிளிப்பச்சையில் சட்டை. அதன் இரண்டு கைகளும் தரையில் கிடந்தன, ஒவ்வொன்றும் ஒரு தலையணை உறை மாதிரி. அவள் என்னைப் பார்த்தாள், தேங்காயைப் பார்த்தாள்.

"மதம் மாறிட்டீங்கன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் இருக்கும்னு மனச தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இது என்னங்க?"

"பெட்டியில எடம் இருக்கா?" என்றேன்.

 ரொம்ப நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "எடம் பண்ணலாம்."

பெட்டியை ரைஸ்மில் தராசில் வைத்து நிறுத்தோம். சட்டையோடு சேர்த்தால் எடை கூடிவிட்டது. மாவடு ஜாடியை எடுத்தாள், போதவில்லை. அப்பளக்கட்டை எடுத்தாள். கடைசியில் தனக்கென்று வைத்திருந்த வெற்றிலைப் பெட்டியையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மூடியை அழுத்தினாள்.

அவள் போனாள். மாசியில் பேரன் பிறந்த செய்தி பூத்துக்காரர் மூலமாக வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பேசுவாள் என்று போனேன். பூத்தில் ஏற்கனவே ஒரு பெண், சிங்கப்பூரிலிருந்து புருஷன் போனுக்காகக் காத்திருந்தாள். மணி அடித்தது. எனக்குத்தான் என்று பூத்துக்காரர் நீட்டினார்.

"என்ன, புள்ள எப்படி இருக்கான்?" என்றேன், மனைவி என்று நினைத்து.

"அப்பா, இதுல நாலு ஓட்ட இருக்கு. தல எதுல விடணும்?"

மகளின் குரல். கேள்வி வேலைக்கேள்வியாக இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது.

"சின்னது தல."

"சின்னதுலயா? அப்ப கை?"

"பெருசு ரெண்டும் கை."

"யாராச்சும் தலையவிட கைக்குப் பெருசா வைப்பாங்களாப்பா?"

"வளர்ற புள்ளதான?"

"எவ்ளோ வளர்றது? இவரு கால விட்டுப் பாத்தாரு, இவரோட காலு போகுது. ஆறடி இவரு!"

பின்னால் ஓர் ஆண்குரல் சிரித்தது. மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

"தலைகீழா மாட்டிப் பாக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள் சிங்கப்பூர்ப் பெண்.

"தலைகீழா மாட்டிப் பாரும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. என் மனைவி ஏதோ யோசனை சொன்னாள். மாப்பிள்ளை இந்தியிலோ பஞ்சாபியிலோ ஒன்று சொன்னார். திடீரென்று அழுகை நின்றுபோனது.

"என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டேன்.

"முழுப் புள்ளையும் ஒத்தக் கைக்குள்ள போயிட்டான்ப்பா. தூங்கறான்."

"கதகதன்னு இருக்கானா?"

"ம். மிச்சச் சட்டையெல்லாம் கெடக்கு. அத என்ன பண்றது?"

"போத்தி விடு."

"போத்திட்டேன்" என்றாள்.  பிறகு, "எதுக்குப்பா இந்தப் பச்ச?" என்று கேட்டாள். சின்ன வயதில் சண்டைக்கு வருகிற அதே குரல்.

நான் நூல் வாங்கப் போன கதையை எடுத்தேன். அன்றைக்குப் பஸ் கிடைக்காமல் உரம் ஏற்றிய லாரியில் போனது, அந்த லாரி டிரைவருக்குப் பல்வலி, அவருக்கு நான் கிராம்பு வாங்கிக் கொடுத்தது. சொல்லுங்க, சொல்லுங்க என்றாள் அவள்.

பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர்ப் பெண்ணிடம் திரும்பினார். "இது இப்ப முடியாது தங்கச்சி. நீ போயி டீ குடிச்சிட்டு வா."