பதினேழாம் நம்பர் வீட்டு வளையல் சத்தம்

அறுபதுகளின் கடைசியில் நான் கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர்த் தபாலாபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். யாராவது வீட்டில் ரிசீவரை எடுத்தால், எனக்கு முன்னால் இருக்கும் போர்டில் அவர்கள் நம்பருக்கு மேலே உள்ள சின்னத் தகடு 'டக்'கென்று விழும். நான் வயரைச் செருகி, "நம்பர் சொல்லுங்க" என்பேன். ஊரில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும்.

அன்றைக்குச் சித்திரை மாத உச்சிப் பொழுது. தெருவில் ஈ காக்கை இல்லை. பதினேழாம் நம்பர் தகடு விழுந்தது. அது ஒரு பெரிய வீட்டு ஆச்சியின் நம்பர். ஆச்சி இறந்து, காரியமெல்லாம் முடிந்து, பிள்ளைகள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். வீடு பல பங்காளிகளுக்குப் பொது. போனை வெட்டச் சொல்வதை "அவுக சொல்லட்டும், இவுக சொல்லட்டும்" என்று ஆளாளுக்கு விட்டதில் அது அப்படியே கிடந்தது.

வயரைச் செருகினேன். முதலில் ஒரு கனைப்பு. நம்பர் கேட்பதற்கு முன்னால் ஆச்சி எப்போதும் கனைப்பாரே, அதே கனைப்பு! அப்புறம் பேச்சே இல்லை. இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும். பின்னால் எங்கேயோ புறா குமுறியது.

போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். எந்த நம்பர் என்று தெரிந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"வயரைப் பிடுங்கும்மா! ஆச்சி இன்னும் வீட்டை விட்டுப் போகலம்மா!"

பிடுங்கத்தான் போனேன். அப்போது காதில் விழுந்தது, கண்ணாடி வளையல் சத்தம்.

ஆச்சி வெகுகாலமாகக் கைம்பெண். வெறுங்கையோடு இருந்தவர். பேயே ஆனாலும் அவருக்கு வளையல் ஏது? "சார், இது உசுருள்ள ஆளு!" என்று கத்திக்கொண்டே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன்.

"யாருக்கு என்ன?" என்றார் டாக்டர்.

"தெரியல டாக்டர், பூட்டிக் கெடக்கே அந்த ஆச்சி வீட்டுலேருந்து வருது. நீங்களே கேளுங்க" என்று இரண்டு லைனையும் சேர்த்துவிட்டேன். சேர்த்த பிறகு நாங்கள் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது!

டாக்டர் அந்த மூச்சையும் வளையல் சத்தத்தையும் கேட்டார். "பேச முடியலைன்னா வேணாம்மா. ஆமான்னா வளையலை ஒரு தரம் ஆட்டு. நெஞ்சு வலிக்குதா?" சத்தமில்லை. "பூச்சி எதுவும் கடிச்சிருச்சா?" என்றார். எங்கள் பக்கம் பாம்பைப் பெயர் சொல்ல மாட்டோம். 'கிணிங்' என்றது வளையல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "கண்ணு சொருகுதா?" மறுபடியும் கிணிங்.

"நல்லதுதான் தீண்டியிருக்கு" என்றார், நல்ல பாம்பைச் சொல்லி. "மருந்தோட கிளம்புறேன். உள்ள எப்படிப் போறது?"

"முன்வாசல் பூட்டிக் கெடக்கு. பின்தெரு வழியாத்தான் உள்ள போயிருக்கணும், அங்குட்டு வாங்க!" என்றேன் நான் குறுக்கே புகுந்து.

அதுவரை முருகா முருகா என்றிருந்த போஸ்ட்மாஸ்டர், வழி காட்டச் செருப்புகூடப் போடாமல் வெயிலில் ஓடினார், பாவம்.

நான் வயரைப் பிடுங்கவில்லை. "இந்தா வந்துட்டாக ஆத்தா, வளையலை ஆட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சத்தம் மெலிந்து மெலிந்து நின்றுபோனது. மூச்சும் கேட்கவில்லை. புறா மட்டும் குமுறிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே பேசினேன். ஒரு யுகம் போலிருந்தது. கடைசியில் கதவு கிரீச்சிட்டது. "இங்குட்டுப் பிடிங்க, மெதுவா" என்று டாக்டரின் குரல் கேட்டது.

அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்க வருகிற பெண், என் வயசுதான் இருக்கும். பித்தளைச் சாமான் அறையில் கடித்திருக்கிறது. உடம்பு தேறியதும் என்னைப் பார்க்க வந்தாள். "நல்லவேளை, போனை எடுத்தியே!" என்றேன். திருதிருவென்று விழித்தாள்.

"நான் எங்கக்கா எடுத்தேன்? ஆச்சி ரூமு வரைக்கும் தவந்துதான் வந்தேன். போனு அலமாரி மேல உசரத்துல இருக்கு, எனக்கு எந்திரிக்கவே முடியல. யாரோ எடுத்துக் காதுல வச்சாக."

விஷ மயக்கம் என்றார் டாக்டர். இருக்கலாம். அந்தக் கனைப்பைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்று ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது. பேச்சே இல்லாமல் ஒரு அழைப்பு வந்தால், வீட்டில் எல்லோரும் "கட் பண்ணுங்க" என்கிறார்கள். எனக்கு மட்டும் விரல் வருவதில்லை. அந்தப் பக்கம் ஒரு வளையலாவது அசைகிறதா என்று கொஞ்ச நேரம் காதை வைத்துக்கொண்டே இருப்பேன்.