ஒன்பது கிலோ அறை

1. பச்சை மை, சிவப்பு மை

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் இருபத்துநான்கு அறைகள் கொண்ட ஒரு விடுதியில் நான் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். அதற்கு முன் செண்பகனூர் பஸ் ஸ்டாப்பில் விடுதியின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, இறங்கும் விருந்தினர்களை அழைத்து வருவது என் வேலை. முதலாளி மெட்ராஸிலிருந்து மெஷினைக் கொண்டுவந்தபோது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற காரணத்துக்காக என்னை ஆறு வார வகுப்புக்கு அனுப்பினார். கீபோர்டில் கையெழுத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்து பேசிக் மொழியில் புரோகிராம் எழுதினேன். இரண்டு பகுதிகள். அறைப் பகுதி, எத்தனை அறை காலி என்று சொல்லும். அந்த எண்ணை வைத்துக்கொள்ள நான் இட்ட பெயர் ARAI. சமையல் பகுதி, பிற்பகல் மூன்று மணிக்கு, எத்தனை முட்டை, எத்தனை லிட்டர் பால் என்று சமையலறைக்குச் சீட்டு அச்சடிக்கும்.

எல்லாம் சரியா என்று பார்க்க நாற்பத்தொரு டெஸ்ட் வைத்திருந்தேன். ஒன்றுக்குப் பத்து நிமிடம். முழுவதும் ஓட்டினால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். மெஷின் என் கைக்குக் கிடைத்ததோ பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை. ஆகவே ஒரு நோட்டில் கட்டம் போட்டு, சமையல் டெஸ்டுகளைப் பச்சை மையிலும் அறை டெஸ்டுகளைச் சிவப்பு மையிலும் எழுதினேன். சமையலில் கை வைத்தால் பச்சை மட்டும். அறையில் கை வைத்தால் சிவப்பு மட்டும்.

மானேஜர் அருளப்பன் புரட்டிப் பார்த்தார். "வெரி நீட்ப்பா!" அந்த நோட்டுக்குக் கிடைத்த கடைசிப் பாராட்டு அதுதான்.

முதலாளி பாராட்டெல்லாம் சொல்லவில்லை. "சீசன்ல ஒரு தப்பு வந்தா மெஷின் குடோனுக்கு, நீ பஸ் ஸ்டாப்புக்கு" என்றார்.

2. ஒரே ஒரு வரி

சமையல் மாஸ்டர் சின்னையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தோட்டத்து கிளார்க்கை அழைக்கும் வழக்கப்படி என்னைக் கிளாக்கரய்யா என்பார்.

"கிளாக்கரய்யா, முட்டைக்குச் சொல்லுது, பாலுக்குச் சொல்லுது. அரிசிக்கு மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குதே ஒங்க பொட்டி?"

சேர்த்தேன். ஆளுக்கு நூற்றைம்பது கிராம் என்று ஒரே ஒரு வரி. கிலோவை வைத்துக்கொள்ள ARISI என்று ஒரு பெயர். மாற்றம் சமையலில், எனவே பச்சை டெஸ்டுகள் ஒன்பது. ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பதும் பாஸ். மேலும் ஒன்றரை மணி நேரம் மிச்சமிருந்தது. அதைப் பயனுள்ள முறையில் செலவிட்டு, நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டேன்.

3. இரண்டு வேன்

அன்று மே மாதச் சனிக்கிழமை. மூன்று மணிக்குச் சமையல் சீட்டு அச்சாகிப் போனது. மூன்றரைக்கு ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். குடும்பத்தோடு வருகிறார், ஏழு அறை வேண்டும். மானேஜர் மெஷினைக் கேட்டார். காலி ஒன்பது என்றது. அவர் தலைக்கு மேல் சாவிப் பலகையில் இரண்டே சாவிகள் தொங்கின. அதையும் பார்த்தார். நம்பியது மெஷினை.

ஆறரை மணிக்கு, மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு வேன்கள் வந்து நின்றன.

"ஏலே, புள்ளைகள எறக்குங்க!" என்று குரல் கொடுத்தபடி உள்ளே வந்தார் மண்டிக்காரர். மானேஜர் இரண்டு சாவிகளை நீட்டினார்.

"மிச்சம் அஞ்சு எங்கங்க?"

"கம்ப்யூட்டர் ஒம்பதுன்னுதாங்க சொல்லுச்சு."

"அப்ப அதையே பாய விரிக்கச் சொல்லுங்க! பச்சப்புள்ள குளிர்ல கெடக்கு. வெரசா ஏதாச்சும் பண்ணுங்கய்யா!"

சின்னையா சீட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "கிளாக்கரய்யா, எனக்கு ஒம்பது கிலோ அரிசி. ஒங்களுக்கு ஒம்பது ரூம்பு. ரெண்டும் ஒரே ஒம்பதா?"

சிலர் சிரித்தார்கள். நான் மெஷினோடு வந்த புத்தகத்தைத் திறந்தேன். எவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தாலும் இந்த மெஷின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டுமே பார்க்கும் என்று போட்டிருந்தது. ARAI, ARISI இரண்டும் அதற்கு AR. சீட்டு அச்சான நிமிடமே, காலி அறை இருந்த இடத்தில் அரிசி ஏறி உட்கார்ந்துவிட்டது.

சின்னையா சாப்பாட்டுக் கூடத்து மேஜைகளை ஓரம் தள்ளி, மெத்தை விரித்து, கரி அடுப்பை மூட்டிக் குழந்தைகளைப் படுக்க வைத்தார். இதற்கு அவருக்கு எந்த நோட்டும் தேவைப்படவில்லை.

4. பலகை

திங்கட்கிழமை நான் செண்பகனூரில், பலகையோடு. நோட்டும் கையில் இருந்தது. அதில் பன்னிரண்டாம் டெஸ்ட்: காலையில் அறை பதிவு, மூன்று மணிக்குச் சமையல் சீட்டு, பிறகு காலி அறை எத்தனை என்று கேள்வி. ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். கடைசிக் கேள்வி அறை பற்றியது என்பதால் சிவப்பு மையில் எழுதி, தள்ளி வைத்துவிட்டேன்.

வத்தலக்குண்டு பஸ் வந்தது. கேரட் மூட்டையோடு நின்ற ஒரு பெண் கேட்டார். "அண்ணே, இது பெருமாள்மலையில நிக்குமா?"

"போர்டுதான் இருக்கே, பாக்கலியா?"

"அது போய்ச் சேர்ற ஊருண்ணே. நடுவுல எங்கெங்க நிக்கும்னு அதுலயா எழுதியிருக்கு?"

கையில் ஒரு போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் சொன்னார். ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நோட்டைத் திருத்தினேன். ஒவ்வொரு டெஸ்டும் எந்தெந்த வரிகள் வழியாகப் போகிறது, வழியில் எந்தெந்தப் பெயர்களைத் தொடுகிறது என்று எழுதினேன். சிவப்பு டெஸ்டுகளில் பதினொன்று, சமையல் வரிகள் வழியாகவும் போயின. கூடுதல் கட்டிலுக்கு வைத்த KATTIL, இறைச்சிக்கு வைத்த KARI இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

பத்தாம் நாள் முதலாளி திரும்பக் கூப்பிட்டார். நம்பிக்கை வந்து அல்ல. மானேஜர் கையால் எழுதிய ரிஜிஸ்தரில் ஒரே அறைக்கு இரண்டு புதுமணத் தம்பதிகள்.

இளைஞர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். வரியை மாற்றியபின் எந்த டெஸ்டை ஓட்டுவது என்று தேடும்போது, அது எதைச் சோதிக்கிறது என்று கேட்காதீர்கள். எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

அரிசி, இறைச்சி இரண்டின் பெயரையும் மாற்றி, அன்றைய பதிவுகளை வைத்தே பன்னிரண்டாம் டெஸ்டை ஓட்டினேன். சின்னையா வாசலில் நின்றார்.

"எனக்கு எத்தனங்க?"

"ஒம்பது கிலோ."

"ரூம்பு?"

"ரெண்டு."

அவர் நிமிர்ந்து சாவிப் பலகையைப் பார்த்தார். இரண்டு சாவிகள். "அப்ப ஒல வைக்கலாம்" என்று உள்ளே போனார்.

நோட்டில் நாற்பத்திரண்டாவதாக, நிமிர்ந்து சாவிப் பலகையைப் பார்ப்பதையும் எழுதிக்கொண்டேன். எந்த வரியை மாற்றினாலும் ஒருநாளும் நான் விடாத டெஸ்ட் அது ஒன்றுதான்.