எண்பத்தாறு இன்ச் பெல்ட்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஆமை என்றுதான் சொல்வார்கள். அதில் ஏளனம் கிடையாது. ஆஸ்பத்திரி வளாகத்தில் புல் வெட்டும் சின்ன டிராக்டரில் உட்கார்ந்து அவர் வார்டுகளுக்கு நடுவே போவதைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. ஊன்றுகோலோடு நடைப்பயிற்சிக்கு வரும் நோயாளிகூட அவரை முந்திவிடுவார். போனை எடுத்தால் அவரே, "ஆமைதான் பேசறேன், சொல்லுங்க" என்பார்.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் வீங்கிக்கொள்ளும். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை அவருக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான்: அந்த டிராக்டர். அதுவும் பழசு. பச்சை பெயின்ட் போய், என்ஜின் மூடியில் தகரம் தெரிகிறது.

இரண்டு வாரமாக வண்டி மேட்டில் ஏறவில்லை. சமதரையில் எப்படியோ ஓடும். பின்கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் போனால் என்ஜின் கத்தும், ரப்பர் கருகும் வாசனை வரும், சக்கரம் சுற்றாது. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் பெல்ட் தேய்ந்துவிட்டது. அதன் பக்கங்கள் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, உள்பக்கம் முழுக்க வெடிப்பு.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"திங்கட்கிழமை காலையில அந்த மேட்டுல ஏத்திக் காட்டுங்க. ஏறலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன். புல்லை வெளியாள் வெச்சு வெட்டிக்கலாம். உங்களுக்கு லாண்டரியில இடம் இருக்கு."

லாண்டரி என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும். மேனேஜருக்கு அவருடைய முழங்கால் பற்றித் தெரியாது. இவரும் சொல்லவில்லை. சொன்னால் மேட்டில் ஏற்றிக் காட்டும் அவசியமே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் உடை அந்த அம்மாள் கையால் தைத்ததுதான். வெள்ளிக்கிழமை பெல்ட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார் ஆமை. அதன் மேல் இருந்த நம்பர் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அந்த அம்மாள் டேப்பை எடுத்து வெளிச்சுற்றை அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பிதான் கடைத்தெருவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். சீட்டு அங்கே போனது, புது பெல்ட் வந்தது.

சனிக்கிழமை முழுவதும் மாட்டுவதில் போயிற்று. இந்த வகை வண்டியில் பெல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் அடியிலிருக்கும் கத்திப் பெட்டியை இறக்கிப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அதுவே இரண்டு ஆள் கனம். அப்புறம் படுத்துக்கொண்டு பெல்ட்டை முன்னால் என்ஜினில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியிலும், நடுவில் கிளட்ச் பெடலோடு சேர்ந்து நகரும் புல்லியிலும், பின்னால் கியர்பெட்டியின் மேலிருக்கும் பெரிய புல்லியிலும் போட வேண்டும். சாயங்காலம் வண்டியைக் கிளப்பி மேட்டடிக்குப் போனார். கிளட்சிலிருந்து காலை எடுத்தார். என்ஜின் உறுமியது. வண்டி ஒரு முழம் ஏறி, நின்று, பின்னால் சரிந்தது.

அவர் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி பக்கத்தில் நின்றார்.

"நீ எவ்வளவு அளந்த?"

"எண்பத்திநாலு."

"சீட்டுல எண்பத்தாறுன்னு இருக்கே?"

"ரெண்டு இன்ச் விட்டேங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எப்பவும் விடறதுதானே. நாளைக்குப் பிடிச்சுக்கிட்டா என்ன பண்றது?"

அவர் சீட்டிலிருந்தே மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பெல்ட்டுக்கு வயிறு போடுமா?"

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை என்று பிற்பாடு ஆமை என்னிடம் சொன்னார். அவர் திட்டவில்லை. "திட்டறதுக்கும் ஒரு தெம்பு வேணும் இல்லையா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் இருவரோடு நானும் மைத்துனர் வீட்டுக்குப் போனேன். கடைக்கு மேலேயே வீடு. தூக்குவதற்கும் டார்ச் பிடிப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். மைத்துனர் பனியனோடு மாடிப்படியில் வந்து நின்றார். நல்ல பருமன்.

"மாமா, ஞாயித்துக்கிழமையாவது என்னை மனுஷனா இருக்க விடுங்களேன்."

"ஷட்டரைத் தூக்கு மாப்ள. அப்புறம் எப்படி வேணா இரு."

விஷயத்தைக் கேட்டதும் அவர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அக்கா, ஓரம் அடிச்சுக் கொடுத்தியா, இல்ல அப்படியே விட்டுட்டியா?"

"வாயை மூடிக்கிட்டு மாத்திக் கொடுடா."

"கிரீஸ் அப்பியிருக்கு. இதை இனிமே நான் யார் தலையில கட்டறது?"

"தலையில எதுக்கு? உன் இடுப்புல கட்டிக்க. சரியா இருக்கும்."

"எண்பத்தாறு இன்ச்சா என் இடுப்பு?"

"டேப் பையிலதான் இருக்கு. அளந்துடட்டுமா?"

"ஐயோ வேணாம். நீ ரெண்டு இன்ச் சேர்த்துடுவ."

சிரித்துக்கொண்டே கொக்கியிலிருந்து எண்பத்திநாலு இன்ச் பெல்ட்டை எடுத்தார். பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரியில் வண்டி நிற்கும் ஷெட்டுக்கு வந்தோம். முந்தின நாள் செய்ததையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். வேலை தெரிந்ததால் சுலபமாகிவிடவில்லை. முந்தின நாளின் அலுப்பு உடம்பில் அப்படியே இருந்தது. என்ஜின் தப்பித்தவறி ஓடிவிடாதபடி ஆமை பிளக் ஒயரை உருவிப் போட்டார். கத்திப் பெட்டியை இறக்கினோம். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அதன் மேல் படுத்தார். படுப்பதற்கே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்க வேண்டியிருந்தது.

சரியான அளவு என்பதால் இந்த பெல்ட் இளகிக் கொடுக்கவில்லை. கிளட்ச் பெடலை அமுக்கிப் பூட்டியும் கடைசிப் புல்லியின் விளிம்பு வரை வந்து வந்து நழுவியது. மூன்றாவது முறை நழுவியபோது அவர் கையை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. லாண்டரியில ஸ்டூல் போட விடுவாங்களான்னு யோசிச்சேன்."

"விடமாட்டாங்க. நகருங்க, நான் கை விடறேன்."

சீட்டுக்குக் கீழே இருக்கும் சந்தில் அவருடைய கை நுழையாது. அந்த அம்மாளின் கை முழங்கை வரை போயிற்று. அவர் மேலிருந்து பெல்ட்டை விளிம்பில் அழுத்திப் பிடிக்க, கீழேயிருந்து கணவர் புல்லியைக் கையால் சுற்ற, பெல்ட் தானாக ஏறி உட்கார்ந்தது. நான் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பெல்ட் குதித்துவிடாமல் தடுக்கும் கம்பிக்கு வெளியே கிடந்தது.

"கம்பிக்கு வெளிய இருக்கு" என்றேன்.

அந்த அம்மாள் கையை வெளியே இழுத்து, முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே விட்டார். மறுபடி இறக்கி, கம்பிக்கு உள்ளே செலுத்தி, மறுபடி ஏற்றினார்கள். கத்திப் பெட்டியைத் திரும்ப மாட்டி முடித்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். மேட்டில் ஏற்றிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன்.

"ஏறலைன்னா ராத்திரி தூக்கம் போயிடும் ஐயா. காலையில பார்த்துக்கலாம்."

திங்கட்கிழமை காலை மேட்டடியில் நாங்கள் மூவர் மட்டும்தான் இருந்தோம். மேனேஜர் வரவில்லை. மாடி ஜன்னலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஆமை அண்ணாந்து பார்த்தார். மேனேஜர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. என்ஜின் சத்தம் கனத்தது, ஆனால் கத்தவில்லை. முன்சக்கரம் சரிவில் ஏறியது, பின்சக்கரம் தொடர்ந்தது. அதன் வழக்கமான வேகத்தில், அங்குலம் அங்குலமாக, உச்சி வரை போய் நின்றது. ரப்பர் வாசனை இல்லை. நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம். மேனேஜர் பேச்சை நிறுத்தாமலே கட்டைவிரலை உயர்த்திவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். லாண்டரி பற்றி யாரும் அதன் பிறகு பேசவில்லை.

உச்சியில் அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்து நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டார். அந்த அம்மாள் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"என்னங்க, போதும். வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுங்க. நாளைக்கு வெட்டிக்கலாம்."

சரிவில் இரண்டு வாரப் புல் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. அவர் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தார்.

"ஏறிட்டேன் இல்ல? இறங்கித்தானே ஆகணும். இறங்கற வழியில ஒரு பட்டை வெட்டிக்கிட்டே வந்துடறேன்."

கத்தியை இறக்கினார். ஒரு பட்டை வெட்டிக் கீழே வந்தவர், வண்டியைத் திருப்பி மறுபடி மேலே போனார். அந்த அம்மாள் ஷெட் வாசலில் அட்டையின் மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனார்.