பச்சை ஸ்டிக்கருக்குக் காத்திருந்த பனிக்கட்டி

ஒரகடத்தில் மருந்து வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு வாங்கி வைப்பது என் வேலை. சென்ற கோடையில் ஒரு காலை, மருந்தோடு மருந்தாக ஒரு பெட்டி பனிக்கட்டியும் வந்து இறங்கியது. தென்துருவத்தில் ஆழத் துளைத்து எடுத்ததாம். ஆராய்ச்சிக்கூடத்தின் உறைபெட்டி பழுதானதால் ஒரு வாரம் எங்களிடம் வைக்கக் கேட்டிருந்தார்கள். சுங்குவார்சத்திரம் ஜூஸ் கடையிலேயே கிடைப்பதை இவ்வளவு தூரம் சுமந்து வருவானேன் என்று சிரித்தேன். வாய்க்கொழுப்பு.

எங்கள் கிடங்கில் ஒரு சட்டம். எது வந்தாலும் மூடியைத் திறந்து எண்ணி, முன்னறையில் திறந்தபடியே வைக்க வேண்டும். தரம் பார்ப்பவர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் உள்ளே போகும். முன்னறைக் குளிர் மருந்துக்குப் போதும், பனிக்கட்டிக்குப் போதாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அன்று பார்த்து அவர் தணிக்கைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். மூன்று மணி நேரம் கழித்துப் போனால், பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர். யாரையும் கூப்பிடாமல் பெட்டியை உறைய வைக்கும் அறைக்குள் தள்ளினேன். மறுநாள் எல்லாம் கட்டியாகத்தான் இருந்தது. அவரும் பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டினார். எனக்கு மட்டும் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பெட்டியை எடுத்துப்போக வந்த ஆராய்ச்சியாளர் அம்மா நல்ல மாதிரி. ஒரு துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்து எனக்கே பாடம் நடத்தினார். வருடா வருடம் விழுந்த பனி அடுக்கடுக்காக இறுகியதாம். உள்ளே தெரியும் குமிழெல்லாம் அந்தக் காலத்துக் காற்றாம். வெயிலில் உருகி மறுபடி உறைந்த இடம் மட்டும் குமிழ் இல்லாமல் கண்ணாடியாக இருக்குமாம். அதை வைத்துத்தான் பழைய காலத்து வெப்பத்தைக் கணிக்கிறார்களாம். பிறகு துண்டின் முனையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இங்க பாருங்க, நல்ல வெயில் காலம் ஒண்ணு.”

குறிப்பேட்டைத் திறந்தார். சொன்னால் வேலை போய்விடும், வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால் எங்கள் முன்னறை தென்துருவத்தின் பழைய கோடையாக ஏடேறிவிடும். அதை நம்பி யார் யார் என்னென்ன எழுதுவார்களோ. இந்த இரண்டாவது பயம்தான் என்னை ஆட்டிவைத்தது.

“அது வெயில் இல்ல மேடம். நான் பண்ணது. மூணு மணி நேரம் தொறந்து வச்சிட்டேன்.”

அவர் திட்டவில்லை. முனையில் ஒரு கோடு போட்டு, இது இனி உதவாது என்றார். அந்த முனைக்குள் மொத்தம் எத்தனை வருடத்துப் பனி இறுகியிருந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“உங்க வயசு இருக்கும்.”